பின்னோக்கிப் பறந்த வாத்துகள்

டிராக்டரை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பூட்டத் தெரிந்த எனக்கு ஸ்டிக்கர் ஒட்ட வராது என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். மார்லிஸ் சொன்னாள். சிரித்தேன். கட்டிய மனைவி சொன்னால் கேட்கிற வழக்கம் எனக்கு இல்லை.

1966இல் வந்த 'பிரேரி கூஸ்' தோட்ட டிராக்டர் அது. கோடையில் புல் வெட்டும், குளிரில் பனி தள்ளும். எங்கள் அயோவா பக்கத்துக் கம்பெனிதான், மூடி நாற்பது வருடமாகிறது. பழைய ஸ்டிக்கரைப் பார்த்து அச்சு அசலாக அச்சடித்து விற்கும் ஒருவர் ஒஹாயோவில் இருக்கிறார். அவரிடம் ஒரு செட் வரவழைத்தேன். பானெட்டின் பக்கத்துக்கு ஒன்றாக, கம்பெனியின் சின்னமான, கழுத்தை நீட்டிப் பறக்கும் இரண்டு காட்டு வாத்துகள்.

புதிதாக அடித்த பெயிண்டு இறுக மூன்று வாரம் காத்திருந்தேன். சோப்புத் தண்ணீர் தெளித்து, ரசமட்டம் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டினேன். ஒரு குமிழி இல்லை. பெருமை தாங்காமல் மார்லிஸைக் கூப்பிட்டேன்.

அவள் சுற்றி வந்து பார்த்தாள். "வெண்டல், இந்த வாத்தெல்லாம் எங்க போகுது?"

"முன்னாடிதான்."

"உன் சீட்டப் பாத்துல்ல பறக்குது? ரெண்டும் உன் மடியில வந்து உக்காரப் போகுதா?"

இடதை வலதிலும் வலதை இடதிலும் ஒட்டியிருந்தேன். முப்பத்தோரு வருடம் வீடு மாறாமல் தபால் கொடுத்தவன் நான்.

உரித்தால் கிழியும். மறுநாள் சனிக்கிழமை, பழைய டிராக்டர்களின் இரண்டு நாள் கண்காட்சி. அப்படியே கொண்டுபோய் நிறுத்தினேன். முதலில் வந்தது என் நண்பன் ஹார்லன் விக். அவனிடமும் அதே டிராக்டர் உண்டு. பெயிண்டு வெளுத்தாலும் ஸ்டிக்கர் கம்பெனியிலேயே ஒட்டியது.

"என்னடா இது, வாத்து ரிவர்ஸ்ல போகுது?"

தெரியாமல் ஒட்டிவிட்டேன் என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். என் வாயில் வேறு வந்தது. "முதல் முந்நூறு வண்டி இப்படித்தான் வந்துச்சு. அப்புறம்தான் மாத்துனாங்க."

"என்னோட வண்டி நம்பர் எம்பத்தாறு. அப்ப என்னோடது?"

"யாராவது நடுவுல மாத்தியிருப்பாங்க."

ஹார்லன் தலையைச் சொறிந்துகொண்டு போனான். நான் நிம்மதியாக இரண்டு ஹாட் டாக் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வெர்னா ஸ்லெட்டன் என்ற பாட்டி கைத்தடியோடு வந்து என் டிராக்டர் முன் நின்றார். அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தவராம். ஹார்லனும் என் பக்கத்தில்தான் நின்றான்.

"யாருப்பா இத ஒட்டுனது? எங்க ஃபோர்மன் பாத்திருந்தா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாரு."

"முதல் முந்நூறு வண்டி இப்படித்தான் வந்துச்சாம், அம்மா," என்றான் ஹார்லன்.

"முதல் வண்டியிலேருந்து ஸ்டிக்கர் ஒட்டுனதே நான்தான். எந்த மடையன் சொன்னது?"

நான் கையைத் தூக்கினேன், வகுப்பில் மாட்டிக்கொண்டவனைப் போல. ஹார்லன் என்னைப் பார்க்கவில்லை. தன் நகங்களைப் பார்த்தான். "நேத்து சாயங்காலமே என் வண்டி வாத்தச் சுரண்டி எடுத்துட்டேன், வெண்டல். ஹேர் டிரையர் வச்சு, ரெண்டு பக்கமும்."

அறுபது வெயிலும் பனியும் தாங்கிய ஸ்டிக்கரை என் வாய் ஒரே நாளில் உரித்துவிட்டது. "பொய் சொன்னேன்டா. வெக்கமா இருந்துச்சு," என்றேன். அவன் திரும்பி நடந்தான். ஒன்பது நாள் என் போனை எடுக்கவில்லை.

ஒஹாயோவுக்கு எழுதி அவனுக்காக ஒரு செட் வரவழைத்தேன். பிறகு வெர்னா வீட்டுக்குப் போய்க் கெஞ்சி, காரில் ஏற்றிக்கொண்டு ஹார்லனின் ஷெட் வாசலில் இறங்கினேன்.

ஹார்லன் பார்சலைப் பார்த்தான், பாட்டியைப் பார்த்தான். "அவங்க ஒட்டட்டும். நீ தண்ணி தெளிச்சா போதும். மத்தபடி வாயத் தொறக்காத."

தெளித்தேன். ரசமட்டத்தை நீட்டியதும் வெர்னா கைத்தடியால் தள்ளிவிட்டார். "மணிக்கு இருபது வண்டி ஒட்டுனவ நான். இதெல்லாம் எங்க வச்சுப் பாக்கறது?" உள்ளங்கையால் இரண்டு தேய்ப்பு. நாலே நிமிடத்தில் இரண்டு பக்கமும் முடிந்தது.

வலது வாத்தின் வால் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. வாயைத் திறக்காமல் விரலால் காட்டினேன்.

ஹார்லன் குனிந்து பார்த்தான். "பழைய வாத்தும் இப்படித்தான்டா தொங்கும்," என்றான். ஒன்பது நாளுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தான். உள்ளே போய் மூன்று கோப்பை காபி கொண்டுவந்தான். ஆறியிருந்த கோப்பையை எனக்குக் கொடுத்தான்.