கையை ஊன்றாமல்

1
மருந்துக்கடை வரிசையில் கிடைத்த கதை இது. எனக்கு முன்னால் நின்ற இயன்முறை மருத்துவர் (பிசியோ என்றே எழுதுகிறேன், வேறு மாதிரி யாரும் சொல்லிக் கேட்டதில்லை) கைபேசியில் சொன்னாள்: "அவருக்குக் கால்ல பலம் இருக்கு. எழுந்திருக்கத்தான் மாட்டேங்கறார்." மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2
'முதுமை என்பது தசைகள் மெல்ல...'

வேண்டாம். கட்டுரை வாடை அடிக்கிறது.

அவர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி தவறிவிட்டார், மகன் வெளிநாட்டில். நீண்ட காய்ச்சலில் படுத்து எழுந்தபோது தொடை சூம்பியிருந்தது. வாரம் இருமுறை பிசியோ வீட்டுக்கு வந்தாள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ வேண்டும், உட்கார வேண்டும், மறுபடி எழ வேண்டும்.

"மூச்சை அடக்காதீங்கப்பா. எழுந்திருங்க, பார்ப்போம்."

அந்த வீட்டில் மனிதக்குரல் கேட்பது அப்போதுதான். (மகன் பேசுவானே என்கிறீர்களா? பேசுவான். சாப்பிட்டாச்சா என்பான், வைத்துவிடுவான்.)

3
ஒருநாள் பால் பொங்கும் சத்தம் கேட்டுச் சமையலறைக்கு விரைந்தார். அடுப்பை அணைத்த பிறகுதான் உறைத்தது: நாற்காலியிலிருந்து எழும்போது கையை ஊன்றவே இல்லை. சந்தோஷம் வந்தது. பின்னாலேயே பயமும். தேறிவிட்டால் அவள் எதற்கு வருவாள்?

அடுத்தமுறை பாதி எழுந்து தொப்பென்று உட்கார்ந்தார். "முடியலைம்மா."

(இவரை முதலில் பொய் சொல்லத் தெரியாதவராக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.)

பொய் பலிக்க வேண்டுமென்று மற்ற நாட்களில் பயிற்சியையும் விட்டார். நாற்காலியிலேயே கிடந்தார். தசைக்கு நடிப்பு புரியாது. வேலை தராவிட்டால் அது பாட்டுக்குக் கரைந்துகொண்டிருக்கும்.

4
சில வாரம் கழித்து ஒருநாள் அவள் வந்தபோது நிஜமாகவே எழப் பார்த்தார். தொடை நடுங்கியது. முடியவில்லை.

"இன்னைக்கு நடிக்கலைம்மா."

"மத்த நாள் நடிச்சது தெரியும்பா. ஏன்?"

"தேறிட்டா நீ வரமாட்டியே."

5
அவள் என்ன சொன்னாள்?

முதலில் இப்படி எழுதினேன்: "எங்க வீடு மாடியில இருக்குப்பா. படி ஏறுற அளவுக்குத் தேறுங்க, சாப்பிட வாங்க." எழுதும்போதே எனக்குக் கண் கலங்கியது. அதனாலேயே சந்தேகம் வந்தது.

பிறகு இப்படி: "இது என் வேலைப்பா. இன்னும் நிறைய வீடு போகணும்." இதுதான் உண்மையாக இருக்கும். ஆனால் இதற்குமேல் அவர் முகத்தை எழுத...

இரண்டிலும் அவள் கையை நீட்டுகிறாள். அவர் அதைப் பிடிக்கிறாரா, தள்ளிவிட்டுத் தானே இன்னொரு தடவை முயல்கிறாரா என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். என்னைக் கேட்காதீர்கள். நானும் தனியாக இருக்கிறவன். எதை எழுதினாலும் எனக்காக எழுதிக்கொண்டதாகிவிடும்.