எப்படிச் சொல்றது

“இன்னொரு தரம் சார். ‘எஹ்…’” என்றாள் காவேரி.

கல்யாணராமன் வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். ஆழ்வார்பேட்டை மாடியறையில் நடக்கும் அந்தப் பிரெஞ்சு வகுப்பில் அவர்தான் மூத்த மாணவர். பட்டினப்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து பாடமெடுக்கும் காவேரிக்கு அவருடைய மகள் வயது. வானொலியில் செய்தி வாசித்து ஓய்வு பெற்றவர் அவர். ஒரு ‘வந்து’, ஒரு ‘அதாவது’, ஒரு செருமல்கூட மைக்குக்குள் போய்விடாமல் காலமெல்லாம் விழுங்கிப் பழகியவர். அவரைப் போய்த் தொண்டையில் ஏதோ சிக்கியதுபோலச் சத்தம் போடச் சொல்கிறாள்.

லியோனில் வேலை பார்க்கும் மகள் மாளவிகா அடுத்த மாதம் ஒரு பிரெஞ்சுப் பையனை மணக்கப்போகிறாள். சம்பந்தியம்மா சில்விக்கு ஆங்கிலம் வராது. அவரிடம் கல்யாணராமன் ஒன்று சொல்லவேண்டும். மகளையே மொழிபெயர்க்கச் சொல்ல முடியாத விஷயம். வீடியோ அழைப்பில் ஒவ்வொரு முறையும் தொடங்குவார். பாதி வாக்கியத்தில் சரியான வினைச்சொல்லைத் தேடி நிற்பார். பேசி முடித்துவிட்டார் என்று எண்ணி, சில்வி ‘மெர்சி’ என்று நன்றி சொல்லிக் கையசைத்துவிடுவார்.

“யோசிக்கறப்போ நீங்க கம்முனு ஆயிட்றீங்க சார். ஒரு ‘எஹ்’ போட்டீங்கன்னா, ‘இருங்க, இன்னும் முடியல’ன்னு அர்த்தம். இல்லாட்டி ‘கொமான் தீர்’, எப்படிச் சொல்றதுன்னு. கூச்சப்படாதீங்க, அவங்களே அப்படித்தான் பேசுறாங்க.”

வீட்டில் கண்ணாடி முன் நின்று பழகினார். சமையலறையிலிருந்து மனைவி விஜயலக்ஷ்மி எட்டிப் பார்த்தாள்.

“ஏன்னா, நெஞ்சைக் கரிக்கறதா? சுக்கு தட்டித் தரட்டுமா?”

“பிரெஞ்சு பேசிண்டிருக்கேன்டி!”

அவள் சிரித்த சிரிப்பில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை, மாளவிகா வெளியே போயிருக்கும் நேரம் பார்த்து சில்வியை அழைத்தார்.

“மாளவிகாவுக்குக் கோபம் வந்தால்… எஹ்… கத்தமாட்டாள். பேச்சை நிறுத்திவிடுவாள். எஹ்… அப்போது எதுவும் கேட்காதீர்கள். பக்கத்தில்… கொமான் தீர்…”

சில்வி கையசைக்கவில்லை. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்கு அருகே வந்தார். கல்யாணராமனுக்கு உடம்பெல்லாம் ஒரு தைரியம் பரவியது. ஆனாலும் அந்தப் பாழாய்ப்போன சொல் வரவில்லை. ‘எஹ்’ஐ ராகம்போல நீட்டிக்கொண்டே எழுந்து, சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து வந்து தன் நாற்காலியை ஒட்டிப் போட்டார். உட்காரும் இடத்தை இரண்டு தட்டு தட்டிக் காட்டினார்.

“ஆ!” சில்வி கைகொட்டிச் சிரித்து, அவர் தேடிய சொல்லை எடுத்துக் கொடுத்தார். கல்யாணராமன் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொன்னார். உட்காருங்கள். பக்கத்தில் சும்மா உட்காருங்கள்.

சில்வியின் சிரிப்பு மெல்ல அடங்கியது. தன் மகனைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கி, நடுவில் நின்றார். “எஹ்…” கண்ணாடியைக் கழற்றினார். “எஹ்…”

ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி வந்த விஜயலக்ஷ்மி, காலியாக இருந்த அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள்.