வால்யூம் திருகு எங்கே இருக்க வேண்டும்?

1

விழுப்புரத்தில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தேன். மேடையில் வாசித்துக்கொண்டிருந்தவரின் எலக்ட்ரிக் கிட்டாரில் வால்யூம் திருகு இடம் மாறி இருந்தது. வழக்கமாகக் கம்பிகளுக்கு அருகே, சுண்டுவிரலுக்கு எட்டும்படி இருக்கும். இதில் எங்கோ கீழே, கிட்டாரின் பின்விளிம்புக்குப் போய்விட்டிருந்தது. ஏன் என்று கேட்டிருக்கலாம். கேட்காமல் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். இந்தக் கதை அந்தச் சோம்பேறித்தனத்திலிருந்து பிறந்தது. திருகைத் தவிர மற்ற எல்லாம் நானாகச் சொல்வது.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

வேணியிடம் மரங்கள் பேசும். அவள் தொட்டால் ஒவ்வொரு மரத்துண்டும் தன் ராகத்தை—

(வேண்டாம். மரம் பேசாது. வேணியே இதைப் படித்தால் சிரிப்பாள்.)

2

வேணிக்கு முப்பத்தைந்து வயது. சொந்த ஊர் குயிலாப்பாளையம். ஆரோவில்லில் ஒரு மரப்பட்டறையில் பத்து வருஷம் மேசையும் அலமாரியும் செய்தவள், இப்போது திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டில் தனிப் பட்டறை வைத்திருக்கிறாள். கேட்பவர்களுக்குக் கேட்டபடி கிட்டார் செய்து தருவாள். கேட்டபடி என்றுதான் போர்டில் இருக்கிறது. உண்மையில், கேட்பதில் பாதியைப் பேசி மாற்றிவிடுவாள்.

கோதண்டபாணி ஒரு காலை நேரத்தில் வந்தார். திண்டிவனத்தில் மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்ப்பவர். மாலையானால் விழுப்புரம் அப்பாதுரையின் மெல்லிசைக் குழுவில் கிட்டார், இருபத்தாறு வருஷமாக.

"வால்யூம் நாப் கைக்கு எட்டக் கூடாதும்மா. தள்ளி வச்சிடு. பிக்கப் ஒண்ணு போதும். மாத்தற சுவிட்சும் வேணாம்."

கம்பியின் அதிர்வை வாங்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவது பிக்கப். இரண்டு இருந்தால் சுவிட்சைத் தட்டி இரண்டு விதமான ஒலி எடுக்கலாம். அதை வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் இவர்தான்.

"இன்னாண்ணா, எல்லாரும் கிட்ட வை கிட்ட வைன்னுவாங்க. பாட்டு நடுவுல சவுண்டு ஏத்தி எறக்க வேணாமா?"

"கால்ல பெடல் வச்சிப் பாத்துக்கறேன்."

அப்போதுதான் அவருடைய வலதுகையைப் பார்த்தாள். மடிமேல் கிடந்த கை, தானாக ஆடிக்கொண்டிருந்தது. டீ கிளாஸ் இடதுகையில் இருந்தது. வேணியின் அண்ணனுக்கும் காலையில் குடிக்காவிட்டால் இப்படித்தான் கை ஆடும்.

"கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்கண்ணா. குடிப்பீங்களா?"

கோதண்டபாணி வாசலில் போன லாரியைப் பார்த்தார்.

"ஆமாம்மா. கொஞ்சம்."

3

ஒப்புக்கொள்கிறேன்: முதல் வரைவில் அவர் "இல்லம்மா" என்றார். உண்மையைச் சொன்னார், கதை அரைப்பக்கத்தில் முடிந்துபோயிற்று. இரண்டாம் வரைவில் என்னைக் கேட்காமலே பொய் சொன்னார். ஏன் சொன்னார் என்று இரண்டு நாள் யோசித்தேன். குடிக்கிறவரைத் திட்டிக்கொண்டே மேடையில் ஏற்றிவிடுவார்கள். நோயாளியை அன்போடு வீட்டில் உட்கார வைத்துவிடுவார்கள்.*

* இதைக் கதைக்குள் ஒரு பாத்திரம் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல யாரும் கிடைக்கவில்லை. நானே சொல்லிவிட்டேன்.

4

மூன்று மணி நேரம் நின்று வாசிப்பவர் என்பதால் உடலுக்கு மலைவேம்பை எடுத்தாள், எடை குறைவு. கழுத்துக்குத் தேக்கு. இடுப்பில் படும் பக்கத்தை வளைத்துக் குடைந்தாள். திருகை அவர் சொன்னபடியே பின்விளிம்புக்குத் தள்ளினாள். ஆனால் பிக்கப்பில் மனசு கேட்கவில்லை. குடிகாரன் பேச்சைக் கேட்டு ஒரு நல்ல கிட்டாரை மொட்டையாக்குவதா? இரண்டு பிக்கப்பும் வைத்து, கம்பிகளுக்குக் கீழே சுவிட்சும் வைத்துவிட்டாள். பார்த்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தாள்.

வாசித்துப் பார்க்க வந்தபோது மனைவி பிரபாவதியும் கூட வந்திருந்தார். புதுசைப் பார்க்கும் ஆசை. கோதண்டபாணி சுவிட்சைக் கவனித்தார். ஆம்ப்ளிஃபையரில் மாட்டி வாசிக்க ஆரம்பித்தார். வேணி கையிலிருந்த உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டாள். அவ்வளவு நிதானம், அவ்வளவு சுத்தம். ஒரு விரல்கூடத் தடுக்கவில்லை. குடிக்கிற கை இல்லையே இது என்று அவளுக்கு அங்கேயே தோன்றியிருக்க வேண்டும்.

(தோன்றவில்லை. நான் தோன்ற வைக்கப் பார்த்தேன். அவள் வாசிப்பில் லயித்துவிட்டாள்.)

பாட்டை முடித்து, கடைசிச் சுரம் தேய்வதைக் கேட்டபடி கையைக் கிட்டார்மேல் ஓய்வாக வைத்தார். கை ஆடத் தொடங்கியது. விரல் சுவிட்சில் பட்டது.

டக். டக்டக். டக்டக்டக்.

ஸ்பீக்கர் அதைப் பட்டறை முழுக்கச் சொன்னது.

வேணிக்குச் சங்கடமாக இருந்தது. எதையாவது பேச வேண்டுமே என்று பிரபாவதியிடம் மெல்லச் சொன்னாள். "அக்கா, கச்சேரி நாள்லயாவது குடிக்காம இருக்கச் சொல்லுங்க."

"யாரு? இவரா?" பிரபாவதி சிரித்தார். "கல்யாணமாயி இருவத்தெட்டு வருசம். ஒரு சொட்டு தொட்டதில்ல."

சிரிப்பு பாதியில் நின்றது. அவர் கணவரின் கையைப் பார்த்தார். வீட்டில் அது எப்போதும் ஒரு ஸ்க்ரூடிரைவரையாவது பிடித்தபடிதான் இருக்கும். எழுந்துபோய் அதைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பிடித்துக்கொண்டார்.

"இன்னாங்க இது?"

"முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரியில காட்டிட்டேன். ஆவணி மாசமே. நரம்பு வியாதியாம்."

"மாத்திரை?"

"குடுத்தாங்க. ஸ்கூட்டி சீட்டுக்குக் கீழ வச்சிருக்கேன்."

"எங்கிட்டச் சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா கச்சேரிக்குப் போவாதன்னுவ."

"சொல்லத்தான் சொல்லுவேன்!" என்றார் பிரபாவதி. "அதுக்குன்னு? ஆறு மாசமா எல்லாத்தையும் ஒண்டியா வச்சிக்கினு இருந்தியா நீ?"

அவர் கணவரை 'நீ' என்று கூப்பிட்டது வேணிக்குக் கேட்டது. கோதண்டபாணிக்கும் கேட்டது. யாரும் அதைத் திருத்தவில்லை.

"மன்னிச்சிருங்கண்ணா," என்றாள் வேணி. "நான் போயி உங்கள..."

"குடிக்கறேன்னு நான்தானம்மா சொன்னேன்."

5

இந்த இடத்தில் எனக்கு ஒரு அற்புதமான முடிவு கிடைத்தது. கிட்டாரில் ட்ரெமோலோ கம்பி என்று ஒரு கைப்பிடி உண்டு. அழுத்தி அசைத்தால் சுரம் நடுங்கும். வேணி அதைப் பொருத்துகிறாள். மேடையில் கோதண்டபாணி ஆடும் கையை அதன்மேல் வைக்கிறார். நோயே இசையாகிறது. கூட்டம் எழுந்து நின்று—

இரண்டு பக்கம் எழுதிவிட்டேன். கண்கூடக் கலங்கியது. பிறகு கதைக்குள் அவரையே கேட்க வைத்தேன்.

"அந்தக் கம்பி வச்சா, கை நடுங்கறதும் பாட்டுல சேந்துடுமில்ல?"

"பாட்டுக்கு நடுங்கறது வேற, இது வேறண்ணா," என்றாள் வேணி. "தாளத்துக்கா நடுங்குது அது? வேணாம். எப்ப எப்ப ஆடுதுன்னு சொல்லுங்க."

என் இரண்டு பக்கம் போயிற்று.

"சும்மா இருக்கச்சதான். வாசிக்கறப்போ அடங்கிடுது. எதனா கெட்டியாப் புடிச்சிக்கினா கூட நின்னுடும். மேடையில ரெண்டு பாட்டுக்கு நடுவுல எதப் புடிக்கறது?"

வேணி அவரை நிற்கவைத்து, கிட்டாரை மாட்டிவிட்டு, வலதுகை இயல்பாகத் தொங்கி எங்கே விழுகிறது என்று பென்சிலால் குறித்தாள். கீழ்விளிம்பில், பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாத பின்பக்கம், நான்கு விரல் உள்ளே போகும் அளவுக்கு ஒரு பள்ளம் குடைந்தாள். அவர் பிடித்துப் பார்த்தார். இன்னும் ஆழம் வேண்டும் என்றார். குடைந்தாள். சுண்டுவிரலுக்கு இடம் போதவில்லை. மறுபடி குடைந்தாள். ஐந்தாவது முறை விரல்களை உள்ளேயே வைத்திருந்தார். கை நின்றிருந்தது.

சுவிட்சையும் இரண்டாம் பிக்கப்பையும் கழற்றி, ஓட்டைகளை மரத்தால் அடைத்தாள். வண்ணம் பூசி மறைக்கலாமா என்று கேட்டாள்.

"இருக்கட்டும்மா," என்றார் பிரபாவதி. "ஒட்டுப்போட்டது தெரிஞ்சா இன்னா இப்போ?"

6

புதுக் கிட்டாரோடு முதல் கச்சேரி விழுப்புரத்தில், ஒரு மண்டபத்தில். பதினான்கு பாட்டு. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் விரல்கள் பள்ளத்துக்குள் போயின, அடுத்த பாட்டுக்கு வெளியே வந்தன. ஒன்பதாவது பாட்டில் ஒரு இடம் தவறிற்று. அது நோயால் அல்ல, பாடகி அவசரப்பட்டதால்.

கூட்டம் எழுந்து நிற்கவில்லை. பந்திக்கு எழுந்தது.

சாமான் கட்டும்போது அப்பாதுரை வந்தார். புதுக் கிட்டார் என்றால் யாருக்கும் கை அரிக்கும். வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு தடவிப் பார்த்தார். விரல்கள் பள்ளத்தைக் கண்டுபிடித்தன.

"இன்னாய்யா இது, பின்னாடி குழி? எதுக்கு?"

கோதண்டபாணி வாயைத் திறந்தார்.

இங்கே மூன்று பதில்கள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் எடையைக் குறைக்க என்றார். ஒன்றில் எல்லாவற்றையும் சொன்னார், அப்பாதுரை கட்டிப்பிடித்தார். இன்னொன்றில் எல்லாவற்றையும் சொன்னார், அப்பாதுரை "ரெஸ்ட் எடுய்யா" என்றார். மூன்றும் என் பதில்கள். அவருடையது எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் இங்கே போட்டுக்கொள்ளுங்கள். எதைப் போட்டாலும் ஒன்றை மனதில் வையுங்கள்: பிரபாவதி ஒயரைச் சுற்றிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறார். சொல்வது அவர் காதிலும் விழும்.