காஸ் போன கோலா

எவரெஸ்ட் பக்கத்து லொபுச்சே ஊர் விடுதியின் அடுப்போரம் உட்கார்ந்து யாங்ஜி அக்கா பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, நாளை சோலா கணவாயில் முன்னால் நடக்கப்போவது சுல்திம்தான். மலைப்பயணக் கம்பெனி அக்காவுடையது. கணவாயில் முன்னால் போகிறவனுக்கே அடுத்த வருடம் தலைமை வழிகாட்டி வேலை என்று காத்மாண்டுவிலேயே சொல்லியிருந்தார்.

சுல்திம் ஷெர்பா இனம், உயரத்துக்கென்றே பிறந்தவர்கள் என்று பெயரெடுத்தவர்கள். நான் ஹர்கா, கீழ்மலை ராய் இனம். ஐந்து வருடமாக அவனோடு மலையேறுகிறேன், ஐந்து வருடமாக வயிறு எரிகிறது. ஐயாயிரம் மீட்டரில் அவன் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ஏறுவான். நான் கழிப்பறைக்குள் நின்று டயமாக்ஸ் மாத்திரையை விழுங்கிவிட்டு ஏறுவேன். தலைசுற்றலும் வாந்தியும் வராமலிருக்கப் பயணிகளுக்கு அதை எடுத்துக்கொடுப்பதே நாங்கள்தான். ஆனால் வழிகாட்டி விழுங்கினால் மானம் போய்விடும்.

"நாளைக்கு சுல்திம் முன்னாடி போகட்டும். ஹர்கா, நீ கடைசி ஆளோட வா," என்றார் அக்கா.

"ராய்க்கு அதான் தோது அக்கா. மூச்சு வாங்கினாலும் யாருக்கும் கேக்காது," என்றான் சுல்திம்.

சிரித்து வைத்தேன். அக்கா ஒரு கோலா பாட்டிலைத் திறந்து மூன்று டம்ளர்களில் ஊற்றினார். ஒரு வாய் குடித்ததும் சுல்திம் முகத்தைச் சுளித்தான்.

"என்னக்கா, பழைய சரக்கா? காஸே இல்ல, சப்புன்னு இருக்கு."

"இப்பதானடா தொறந்தேன். எனக்கு மூக்குல ஏறுதே," என்ற அக்கா அவனை உற்றுப் பார்த்தார்.

அந்த மாத்திரை போட்டால் விரல்நுனி விறுவிறுக்கும், நாக்குக்குக் காஸ் தெரியாது. பயணிகள் தினமும் புலம்புவதுதான், அக்காவுக்கும் தெரியும். முதல் வருடம் நானே ஒரு கடைக்காரரிடம் இதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன். அப்புறம் வாயை மூடக் கற்றுக்கொண்டேன். இவன் ஜெயித்த மிதப்பில் மறந்துவிட்டான். பெயர்தான் ஷெர்பா, பிறந்து வளர்ந்ததெல்லாம் காத்மாண்டு.

அவனும் நம்மைப் போலத்தான் என்று தெரிந்ததும் பொறாமை அடங்கியிருக்க வேண்டும். கூடியது. விழுங்குவது ஒரே மாத்திரை, பெயர் மட்டும் அவனுக்கா?

"ஹர்கா, நீ குடிச்சுப் பாத்துச் சொல்லு."

பாதி டம்ளரை ஒரே மடக்கில் குடித்தேன். வெறும் சர்க்கரைத் தண்ணீர்.

"சுருக்குன்னு நல்லாத்தானே இருக்கு அக்கா," என்று சொல்லி, ஒரு ஏப்பத்தையும் வரவழைத்தேன்.

சுல்திம் அக்காவைப் பார்க்கவில்லை. என் மடியைப் பார்த்தான். ஊசி குத்துவதுபோல் விறுவிறுக்கும் விரல்நுனிகளை என் கட்டைவிரல் தானாகத் தேய்த்துக்கொண்டிருந்தது. டம்ளரில் மிச்சமிருந்த கோலாவில் குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே வந்து உடைந்தன.