பேசாத வலி

ரப்பர் மரங்களில் பால் வெட்டி முடித்து, வாளிகளைத் தோட்டத்து ஸ்டோரில் கொடுத்துவிட்டு சுகந்தினி லயத்து வீட்டுக்கு வந்தபோது மணி பதினொன்று இருக்கும். அண்ணன் இந்திரகுமார் வாசற்படியில் குந்தியிருந்தான். சட்டை முதுகோடு ஒட்டிப்போய் நனைந்திருந்தது. அன்றைக்கு மழை இல்லை.

நெஞ்சில் யாரோ ஏறி நிற்கிற மாதிரி இருக்கிறது என்று முந்தின நாள் பின்னேரமே அவன் சொல்லியிருந்தான். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பதினாறு வருஷமாக அவனுக்கு மனச்சிதைவு நோய். ஆளில்லாத இடத்திலிருந்து குரல்கள் கேட்கும். மலைக்கு அடியில் ஆட்கள் குழி தோண்டுகிறார்கள், தோண்டின கல்லையெல்லாம் தன் வயிற்றில் கொண்டுவந்து வைக்கிறார்கள் என்பான். மாதாமாதம் கிளினிக்கில் தருகிற மாத்திரையால் அந்தக் குரல்கள் அடங்கிக் கிடந்தனவே தவிர, போய்விடவில்லை. அதனால் நெஞ்சில் ஆள் நிற்கிறான் என்றதும் இது அதுதான் என்று நினைத்தாள். மாத்திரையைக் கையில் கொடுத்துப் படுக்கச் சொன்னாள்.

இப்போது அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு என்னவோ போலிருந்தது. அந்த ஆள் இன்னும் நிற்கிறானா என்று கேட்டாள்.

அவன் தலையை ஆட்டினான். "ஆளு இல்ல சுகா. அவனுங்கன்னா பேசுவானுங்க. இது பேசல. சும்மா கனக்குது. இந்தக் கையும் கனக்குது."

இந்தப் பதினாறு வருஷத்தில் அண்ணனுக்கு வந்த எந்தத் தொல்லையும் பேசாமல் வந்ததில்லை. அப்பாவும் இப்படித்தான் இடது கையைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் நம்பர் மலையில் உட்கார்ந்தார். அப்புறம் எழும்பவில்லை. அப்போது அவருக்கு நாற்பத்து நாலு வயது.

ஓட்டோக்காரர் முக்தார் வந்து சேர்வதற்குள் இந்திரகுமார் இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டான். ஒரு கையால் அவன் இடுப்பைத் தாங்கி ஏற்றினார். தோட்டத்து ரோட்டில் பள்ளத்துக்குப் பள்ளம் வண்டி குதித்தபோது சுகந்தினி ஒரு கையால் அண்ணனையும் மற்றக் கையால் தன் வயிற்றையும் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு ஐந்தாம் மாதம்.

போகிற வழியெல்லாம் ஹிமாயா டொக்டர் சொன்னதுதான் மனதில் ஓடியது. ஹிமாயா மனநோய் கிளினிக்கில் இருப்பவர். இரண்டு மாதத்துக்கு முன் இந்திரகுமாருக்கு மாத்திரை எழுதும்போது அவளை உட்கார வைத்துப் பேசினார். இந்த நோய் உள்ளவர்களுக்கு இருதய நோய் மற்றவர்களைவிடச் சீக்கிரம் வருகிறது, மாத்திரையால் உடம்பு போடுவதும் சிகரெட்டும் மட்டும் காரணமில்லை, பரம்பரையாக வருகிற சில மரபணுக்களுக்கு இரண்டு நோயிலும் பங்கிருக்கலாம் என்று ஆராய்ச்சியில் தெரிய வருகிறது, ஆகையால் நெஞ்சையும் கவனியுங்கள் என்றார். குடும்பத்தில் வேறு யாருக்காவது இரண்டில் ஒன்று இருந்ததா என்றும் கேட்டார். சுகந்தினி யாருக்கும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அது பொய். அப்பாவின் தங்கை காற்றோடு பேசிக்கொண்டே காலத்தைத் தள்ளியவள். முப்பத்தொன்பது வயதில் மூச்சுத் திணறி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செத்தாள். அவள் பேரைக்கூட வீட்டில் யாரும் எடுப்பதில்லை. நாலு வருஷத்துக்கு முன் கணவன் பிரதீபன் வீட்டார் சுகந்தினியைப் பெண் கேட்டு வந்தபோது, இந்திரகுமார் சைக்கிளில் விழுந்து தலையில் அடிபட்டவன் என்று அம்மா சொன்னாள். அம்மா செத்த பிறகு அந்தப் பொய்யைக் காப்பாற்றும் வேலை சுகந்தினி தலையில் விழுந்தது.

ஆஸ்பத்திரியில் வெளிநோயாளர் வரிசை கதவு தாண்டி வெயில் வரைக்கும் நீண்டிருந்தது. முக்தார் சிங்களத்தில் ஆளாளுக்குச் சொல்லி வழி வாங்கிக்கொடுத்தார். டொக்டர் அறை வாசலில் பிரஷர் மருந்துக்கு வந்தவர்களின் பெஞ்சில், துண்டுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் வெள்ளையம்மா. பிரதீபனின் அம்மா. மருமகளைக் கண்டதும் எழும்பி நின்றாள்.

உள்ளே இளம் வயது டொக்டர். சுகந்தினி நீட்டிய புத்தகத்தைப் புரட்டினார். மனநோய் கிளினிக் புத்தகம் என்று தெரிந்ததும், ஒழுங்காக மாத்திரை குடிக்கிறானா என்று சிங்களத்தில் கேட்டார். அவள் பதில் சொல்வதற்குள் இந்திரகுமார் அறை மூலையைப் பார்த்து முணுமுணுக்கத் தொடங்கினான். குழி தோண்டுகிறார்கள், இங்கேயும் வந்துவிட்டார்கள் என்றான். பயத்தில் குரல்கள் திரும்பிவிட்டன என்று அவளுக்கு விளங்கியது. டொக்டருக்கு விளங்கியது வேறு. அமைதிப்படுத்த ஓர் ஊசி எழுதினார். போட்டுக்கொண்டு பெஞ்சில் இருக்கட்டும், செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள் என்றார். நர்ஸ் அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

சுகந்தினி நகரவில்லை. நெஞ்சு வலி என்றுதான் வந்தோம் என்றாள். இந்த நோயாளிகள் அப்படிச் சொல்வது வழக்கம் என்றார் டொக்டர், கோபமில்லாமல்தான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். வாசலில் மாமியார் நின்றாள். அவளுக்குப் பின்னால் தோட்டத்து முகங்கள் நாலைந்து. சிங்களத்தில் சொன்னாலும் தமிழில் சொன்னாலும் இங்கே எல்லோருக்கும் விளங்கும். அண்ணனைப் பார்த்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"டொக்டர், எங்க அப்பா நாப்பத்தி நாலு வயசுல நெஞ்சு வலியில செத்தாரு. அவரு தங்கச்சிக்கும் இதே மனநோய்தான். அவங்களும் முப்பத்தொம்பதுல நெஞ்சப் புடிச்சுக்கிட்டுத்தான் போனாங்க. எங்க ரத்தத்துல ரெண்டும் இருக்கு. இவருக்கு இப்ப நாப்பத்தொண்ணு. ஒரு ஈ.சி.ஜி. எடுங்க. எடுக்காம நான் போகமாட்டேன்."

சிங்களத்தில் சொன்னாள். ஒரு சொல்லும் தடுமாறவில்லை. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

டொக்டர் பேனாவை வைத்துவிட்டு எழும்பினார். இந்திரகுமாரின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். பிறகு நர்ஸிடம், இப்போதே எடுங்கள் என்றார்.

வயர்களை ஒட்டத் தொடங்கியதும் அடுத்த இடி வந்தது. அவை குழி தோண்டுகிறவர்களின் வயர் என்று இந்திரகுமார் இரண்டைப் பிடுங்கி எறிந்தான். கட்டில் குலுங்கியது. அட்டெண்டன் ஒருவர் அவன் தோளை அமுக்க வந்தார். அமுக்கினால் இன்னும் மோசமாகும் என்று அவரைத் தள்ளிவிட்டு, சுகந்தினி அவன் இரண்டு கைகளையும் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். காலையில் பால் வெட்டின ரப்பர் மரங்களை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். முதலாவது கோணல் மரம், இரண்டாவது பாறையோரத்து மரம், மூன்றாவது பால் குறைந்துபோன மரம். எல்லாம் அவனுக்கும் தெரிந்த மரங்கள்தான். பதினேழாவது மரத்தில் அவன் கை தளர்ந்தது. மெஷினிலிருந்து கடதாசி வந்தது.

அதைப் பார்த்த டொக்டர் அதற்குப் பிறகு நடக்கவில்லை, ஓடினார். மாத்திரைகளை மென்று விழுங்கச் சொல்லி வாயில் போட்டார்கள். கையில் ஊசி ஏறியது. ஹார்ட் அட்டாக், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறோம், ஆம்புலன்ஸில் ஒருவர் கூடப் போகலாம் என்றார். கதவு வரைக்கும் வந்து, நல்ல வேளை நீங்கள் போகவில்லை என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

ஆம்புலன்ஸைத் திருப்பி நிறுத்த எடுத்த சில நிமிஷத்தில் வெள்ளையம்மா அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நாலு வருசமா ஏன் புள்ள சொல்லல?"

"சொல்லியிருந்தா என்னைய எடுத்திருப்பீங்களா மாமி?"

"எடுத்திருக்க மாட்டோம்" என்றாள் வெள்ளையம்மா. அப்புறம் தன் கைப்பையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை மருமகளிடம் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

இந்திரகுமார் பிழைத்தான். இருதயத்தில் ஒரு பகுதி கெட்டுவிட்டது, இனிமேல் மலை ஏறக்கூடாது, சிகரெட்டைத் தொடவே கூடாது என்று சொல்லி ஒன்பதாம் நாள் அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தவனிடம் சுகந்தினி, முந்தின நாளே நீ சொன்னாய், நான்தான் நம்பவில்லை என்று அழுதாள். அவன் அவளை வினோதமாகப் பார்த்தான். "நான் சொல்றதுல எத நம்புறதுன்னு எனக்கே தெரியாதே சுகா" என்றான். அது அவளை இன்னும் அழ வைத்தது.

பிரதீபன் சத்தம் போடவில்லை. தன்னிடமாவது சொல்லியிருக்கலாம் என்று ஒரே ஒரு தடவை சொன்னான். வெள்ளையம்மா மூன்று வாரம் அவர்கள் வீட்டுக் காம்பராப் பக்கம் வரவில்லை. லயத்தில் பேச்சு வராமலும் இல்லை. குடத்தோடு தண்ணீர்ப் பீலியில் சுகந்தினி போய் நின்றால் குரல்கள் தாழ்ந்தன.

அடுத்த கிளினிக்குக்குப் பிரதீபனும் வந்தான். ஹிமாயாவிடம் சுகந்தினி இந்த முறை எல்லாவற்றையும் சொன்னாள். பொய் சொன்னதற்கு ஹிமாயா ஒரு வார்த்தையும் கடிந்துகொள்ளவில்லை. அவளுக்கும் பிரஷர் பார்த்தார். கூடுதலாக இருந்தது. பிள்ளைக்கு வருமா என்று பிரதீபன் கேட்டான். வரும் என்றும் சொல்ல முடியாது, வராது என்றும் சொல்ல முடியாது, இப்படிப்பட்ட குடும்பங்களில் பிறக்கிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு இந்த மனநோய் வருவதில்லை, இருதயத்தை மட்டும் சின்ன வயதிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்றார். பிரதீபன் அதைத் திரும்பவும் ஒரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டான்.

ஏழாம் மாதத்துக் கர்ப்பிணி கிளினிக்கில், வரிசையில் நின்ற சுகந்தினிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள் வெள்ளையம்மா. பிரஷர் ஏறியிருப்பதால் மருத்துவிச்சி மிஸ்ஸி புதிதாக ஒரு படிவத்தை எடுத்து, குடும்பத்தில் என்னென்ன நோய் வருத்தம் என்று கேட்டாள். சுகந்தினி அப்பாவைச் சொன்னாள், அத்தையைச் சொன்னாள், அண்ணனைச் சொன்னாள். மிஸ்ஸி எழுதி முடிக்கும் வரை வெள்ளையம்மா படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க பக்கமும் எழுதுங்க மிஸ்ஸி. எனக்குப் பிரஷர். இவ மாமனாரு நல்லையாவுக்குச் சீனி வருத்தம்" என்றாள். பிறகு மருமகளைப் பார்க்காமலே, நிற்காதே, போய் அந்தக் கதிரையில் உட்கார் என்றாள்.