கறுப்பு டேப்பு

அன்று காலையிலிருந்தே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தூக்கி நிறுத்திய ஒரு காரின் அடியில் நின்று, துருப்பிடித்த போல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அண்ணன். வேறு யார்? மூன்று மாதமாக வேலை நேரத்தில் போன் அடித்தால் அது அண்ணன்தான், விஷயம் அந்த வண்டிதான்.

"பாப்பா, வண்டி நின்னுடுச்சு. அப்பாவும் கூட இருக்கார். பாலத்துக்கு முன்னாடி ஓரமா இருக்கோம்."

"நிக்கட்டும். நிக்கிறதுக்குத்தானே அதை வாங்குன!" என்று கத்திவிட்டு ஸ்பேனரை விட்டெறிந்தாள். பட்டறையில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்பேனர் பறப்பது அங்கே புதிதல்ல.

நாற்பது வயதாகியும் அண்ணனுக்கு அவள் பாப்பாதான். ஊருக்கு அவள் மெக்கானிக். இருபது வருஷமாகச் சொந்தப் பட்டறை. பழைய வண்டி வாங்குகிறவர்கள், முன்பின் தெரியாதவர்கள்கூட, "அக்கா, ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க" என்று வந்து நிற்பார்கள். கூடப்பிறந்தவனுக்கு மட்டும் அது தோன்றவில்லை. பதினாறு வருஷம் ஓடிக் களைத்த ஒரு எஸ்யூவியை வாங்கி, நேராகப் பட்டறை வாசலில் நிறுத்திவிட்டு, "எப்படி இருக்கு?" என்று பல்லைக் காட்டினான்.

எப்படி இருக்கும்? சஸ்பென்ஷன் புஷ் அத்தனையும் போயிருந்தது. நாலு டயரும் மொட்டை. டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினார்களோ, கடவுளுக்கே வெளிச்சம். ஏசி ஒரு நாள் வேலை செய்தால் இரண்டு நாள் லீவு போட்டது. டர்போ பக்கம் ஆயில் கசிந்துகொண்டிருந்தது. டீசல் குடிப்பதில் மட்டும் ஒரு குறையும் இல்லை.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"அப்பா உக்காந்து பாத்துட்டார் பாப்பா. நல்லா இருக்குன்னார்."

"அப்பா என்ன மெக்கானிக்கா?"

வாங்கிய விலையைவிட வைத்துக்கொள்கிற செலவு பெரிதாக இருக்கும் என்று சொன்னாள். யானையைக் கட்டித் தீனி போடப் போகிறாய் என்றாள். அவன் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் இன்னும் எரிந்தது. "மத்த வண்டியெல்லாம் முடிச்சிட்டுத்தான் இதைத் தொடுவேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்னபடியே தொடவில்லை. ஆயில் கசிவையும் சேர்த்துத்தான்.

பிறகு அந்தப் போன்கள். மஞ்சளாக ஒரு லைட் எரியுது பாப்பா, என்ஜின் படம் போட்டிருக்கு பாப்பா. ஒரு தடவை பார்த்தாள். வெறும் சென்சார் கோளாறு. அணைத்து விட்டால் மறுபடி வந்தது. அவன் மறுபடி போன் செய்தான். நாலாவது தடவை வாடிக்கையாளர் ஒருவர் எதிரே நின்று அவளைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"அது கெடக்கும் அண்ணா! வண்டி ஓடுதில்ல? கண்ணை உறுத்துச்சுன்னா மேல டேப்பை ஒட்டித் தொலை! இனி லைட்டு எரியுதுன்னு எனக்குப் போன் பண்ணாத!"

அதோடு லைட்டைப் பற்றிய போன்கள் நின்றன. ஒருவழியாகப் புத்தி வந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

இழுவை ஜீப்பில் டிரைவரை உட்காரவைத்துப் பாலத்துக்கு வந்தபோது, அண்ணன் சாலையோரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அப்பா முன் சீட்டில் துண்டும் தோளுமாக, ஊர்வலத்துக்குக் கிளம்பியவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"எங்க கிளம்பினீங்க ரெண்டு பேரும்?"

"சலூனுக்கு" என்றார் அப்பா.

அவளுக்கு இன்னும் ஏறியது. ஷேவ் செய்துகொள்ள ஒரு எஸ்யூவி! பானெட்டைத் திறந்து ஆயில் குச்சியை உருவினாள். காய்ந்து கிடந்தது. கிராங்கில் ஸ்பேனரைப் போட்டு முழு பலத்தோடு திருப்பினாள். இம்மியும் அசையவில்லை. என்ஜின் உள்ளே இறுகிப் பிடித்துவிட்டது.

"ஆயில் சுத்தமா இல்ல! என்ஜின் போச்சு! சிவப்பு லைட்டு எரிஞ்சிருக்குமே, கண்ணு எங்க இருந்துச்சு உனக்கு?"

"தெரியலையே பாப்பா" என்றான் அண்ணன். பிறகு தயங்கி, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் கைகாட்டினான்.

எட்டிப் பார்த்தாள். அண்ணன் நூலகத்தில் வேலை செய்கிறவன். பழைய புத்தகங்களின் முதுகில் ஒட்டுகிற கறுப்புத் துணி டேப்பு, அடிக்கோல் வைத்து வெட்டியது, எல்லா லைட்டுகளையும் மூடி ஒரு பிசிறு இல்லாமல் ஒட்டியிருந்தது. மஞ்சள், சிவப்பு எல்லாம் அடியில்.

"யாரு இதை ஒட்டச் சொன்னது?"

"நீதான்."

குற்றம் சாட்டுகிற குரலில்லை அது. எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் என்று சொல்கிற குரல். அவளுக்குக் காது சூடாயிற்று. திட்டுவதற்கு வாயைத் திறந்தாள், யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

"அவனை ஏம்மா வையற?" என்றார் அப்பா. "இடுப்பு போனதுலேர்ந்து குனிஞ்சு எந்தக் கார்ல ஏற முடிஞ்சுது என்னால? ஒரு வருஷம் வீட்டுக்குள்ளயே கெடந்தேன். வீட்டு நாற்காலியை அளந்து வச்சுக்கிட்டு, ஸ்கேலும் கையுமா ஒரு மாசம் அலைஞ்சான். இந்த சீட்டுதான் அதே உசரம். திரும்பி உக்காந்தா போதும், ஏறிடுவேன். இப்பதான் வாரத்துக்கு ரெண்டு நாள், புதனும் சனியும், சலூன்ல நாலு மனுஷங்க முகத்தைப் பாக்குறேன்."

ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"இதை ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று அண்ணனைக் கேட்டாள்.

"சொன்னா திட்டுவ."

கோபம் போகவில்லை. இத்தனை நாள் அவன் மேல் எறிந்ததெல்லாம் மொத்தமாக அவள் மேலேயே வந்து விழுந்தது. கசிகிற டர்போவைத் தெரிந்தே மூன்று மாதம் விட்டவள் அவள்தான். டேப்பு ஒட்டச் சொன்னவளும் அவள்தான்.

"நான் கோவத்துல சொல்றதையெல்லாம் கேக்காத அண்ணா."

அண்ணன் நிஜமாகவே யோசித்தான். "கோவமில்லாம நீ எப்ப பாப்பா பேசியிருக்க?"

அவள் போய் இழுவைக் கம்பியை மாட்டினாள். என்ஜினைப் பிரித்துச் சேர்க்க ஒரு மாதம் ஆகும். அதுவரை அப்பா மறுபடி வீட்டுக்குள். நிமிர்ந்தபோது அண்ணன் பையிலிருந்து ஸ்கேலை எடுத்து அவளுடைய ஜீப் சீட்டை அளந்துகொண்டிருந்தான்.

"நாலு அங்குலம் கூடுது பாப்பா" என்றான், மெதுவாக.

"படி அடிச்சு மாட்டறேன்! புதன், சனி நானே வந்து கூட்டிட்டுப் போறேன்!" என்று கத்தினாள். மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தாள், வரவில்லை. ஜீப் டிரைவரைப் பார்த்து, "மெதுவா இழு! பட்டறைக்கு முன்னாடி சலூன் வாசல்ல நிறுத்து!" என்றாள். என்ஜின் ஓடாத வண்டிக்குப் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கல்லாக இருக்கும் என்பதால் தானே ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். "நீ என்ன வேடிக்கை பாத்துட்டு நிக்கிற? வாயை மூடிட்டு பின்னாடி ஏறு!"

சொன்னதைச் சொன்னபடி செய்கிற அண்ணன், வாயை மூடிக்கொண்டு ஏறினான். சலூன் வரும்வரை திறக்கவே இல்லை.