கையெழுத்துப் பக்கம் மட்டும்

அளவு நாடாவும் கையுமாக வந்த வீட்டுத் தரகன், கேட்காமல் கொள்ளாமல் ரஃபீக்காவின் அடுப்படிக்குள் நுழைந்து சுவரை அளக்க ஆரம்பித்தான். துனீசியாவில், ஸ்ஃபாக்ஸ் நகரத்து அரசு மருத்துவமனையில் முப்பத்தோரு வருஷம் ஊசி போட்டு ஓய்வு பெற்றவள் அவள். ஆளைப் பார்த்துப் பயப்படுகிற ரகம் இல்லை.

"யாருய்யா நீ? யாரைக் கேட்டு உள்ள வந்தே?"

"உங்க தம்பி லமீன்தான் அனுப்பினார். வீடு முழுக்க அவர் பேருக்கு ஆயிடுச்சாமே. நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க, பாருங்க."

அவன் நீட்டிய நகலில் ஐந்து பக்கங்கள். முதல் நான்கை அவள் கண்ணாலும் கண்டதில்லை. ஐந்தாவதில் அவளுடைய கையெழுத்து, பக்கத்திலேயே நகராட்சியின் வட்ட முத்திரை.

அப்பா விட்டுப்போன வீடு. கீழ்த்தளம் அவளுக்கு, மாடி பிரான்சில், மார்செய்யில் இருக்கும் லமீனுக்கு என்று போனிலேயே பேசி முடித்திருந்தார்கள். லீவு கிடைக்காது என்றான் தம்பி. ஆளுக்கொரு பிரதியில் அவரவர் ஊரிலேயே கையெழுத்திட்டு, அதிகாரியிடம் முத்திரை வாங்கி, மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு. பிள்ளைகள் கடல் தாண்டிப் போன வீடுகளில் எல்லாம் அப்படித்தான் நடக்கிறது. தூதரகத்தில் முத்திரை வாங்கிய அவன் பிரதி முதலில் வந்து சேர்ந்தது. பேசியது பேசியபடி இருந்தது. மறுநாளே போன்.

"அக்கா, உன் பிரதியில கையெழுத்துப் பக்கத்துக்கு மட்டும் முத்திரை வாங்கி அனுப்பு, போதும். மத்ததெல்லாம் இங்க இருக்கிறதுதானே, நான் சேர்த்துக்கிறேன்."

நகராட்சிக் குமாஸ்தா முன்தெரின் பிள்ளைகள் மூன்று பேருக்கும் தடுப்பூசி போட்டவள் அவள்தான். முழுப் பத்திரத்தையும் பார்க்காமல் முத்திரை போடக் கூடாதென்று அவனுக்கு நன்றாகவே தெரியும். "உங்ககிட்டப் போய் சட்டம் பேசுவேனா அக்கா" என்று ஒற்றைத் தாளில் குத்திக் கொடுத்தான். வரிசையில் நின்றவர்கள் பார்க்க, அவளும் பெருமையாக வாங்கிக்கொண்டு வந்தாள். அந்தப் பெருமையை நினைத்தால்தான் இப்போது உடம்பெல்லாம் கூசியது.

தரகனை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டிவிட்டு, அவனிடம் பிடுங்கிய நகலோடும் தம்பி அனுப்பிய பிரதியோடும் நேரே நகராட்சிக்குப் போனாள்.

"முன்தெர், அன்னிக்கு நான் கொண்டு வந்தது ஒத்தத் தாள்னு சொல்லு."

அவன் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினான். பக்கங்கள்: ஐந்து.

"கணக்கு சரியா இருக்கணும்னு அப்படி எழுதிட்டேன் அக்கா. ஒண்ணுதான்னு இப்ப சொன்னா என் வேலை போயிடும். வல்லாஹி, அல்லா மேல ஆணையா, மூணு பிள்ளைங்க."

"உன் மூணு பிள்ளைங்க தெருவுக்கு வரக் கூடாது, நான் வரலாம். அப்படித்தானே?"

முன்தெர் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு குனிந்தான். வரிசையில் நின்ற ஒருத்தி, "தம்பிதானே, விட்டுக் குடுங்களேன்" என்று புத்தி சொன்னாள். அவள் மூஞ்சியிலும் துப்பலாம் போலிருந்தது ரஃபீக்காவுக்கு.

சத்தம் கேட்டு வந்த பிரிவுத் தலைவி நஜீஹா, இரண்டு பத்திரங்களையும் மேஜையில் அருகருகே வைத்தாள். தூதரகத்து ஆள் தாட்சண்யம் பார்க்கிறவன் இல்லை போலிருக்கிறது. லமீன் அனுப்பிய பிரதியில் ஐந்து பக்கத்திலும் முத்திரை, ஐந்திலும் அவன் கையெழுத்து. தரகனின் நகலில் முதல் நான்கும் மொட்டையாக இருந்தன.

"ஆளுக்கொரு ஊர்ல போட்டாலும், வரிக்கு வரி ஒண்ணா இருந்தாத்தாம்மா அது ஒரே ஒப்பந்தம்," என்றாள் நஜீஹா. "இது ஒட்டுப் போட்டது. கோர்ட்டுல நிக்காது. முன்தெர், எத்தனை தாள் பார்த்தே? நிமிர்ந்து சொல்லு."

"ஒண்ணு," என்றான் அவன், நிமிராமலே. நஜீஹா அதை எழுதி முத்திரை குத்திக் கொடுத்தாள்.

சாயங்காலம் லமீன் கூப்பிட்டான். "கோபப்படாதே அக்கா. மாடியை மட்டும் எவன் வாங்குவான்? வித்த கையோட உனக்கு ஒரு ரூம் பார்த்துத் தரத்தான் இருந்தேன்."

"என் கையெழுத்தைத் திருடி எனக்கே ரூம் பார்ப்பியா? த்தூ!"

கீழ்த்தளம் தங்கிவிட்டது. ஆனால் பென்ஷன் தாளில் கையெழுத்துப் போடும்போதுகூட அவளுக்கு அருவருத்தது.

ஆகஸ்டில் அவன் மனைவி மக்களோடு வந்து இறங்கினான். தெருவே பார்க்க அவள் தலையில் முத்தமிட்டு, பக்லாவா இனிப்புப் பெட்டியை நீட்டினான். "உள்ள வான்னு சொல்ல மாட்டியா அக்கா?"

"படிக்கட்டு பொதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கே, ஏறிப் போ. இந்தக் கதவு என்னுது."

சாத்திவிட்டு, அவன் முத்தமிட்ட இடத்தைச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவினாள். அதற்குள் மேலே அவன் நடக்க ஆரம்பித்துவிட்டான். அந்த மாதம் முழுவதும் அவள் சாப்பிடும்போதும் தொழும்போதும் அவன் தலைக்கு மேலேயே நடந்துகொண்டிருந்தான். மாடி அவனுடையது, அதற்கு அவளே கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.